கோள்: ஆறாம் பொருள்

2 மே 1988, திங்கள்

கத்திரி பிறக்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் பாளையங்கோட்டை வெந்துவிட்டது. அகராதி அலுவலகத்தில் மின்விசிறி சுற்றினால் சொல்லட்டைகள் பறக்கின்றன; நிறுத்தினால் நாங்கள் வேகிறோம். அட்டைகள்தான் முக்கியம் என்று இயக்குநர் முடிவு செய்துவிட்டார்.

அகராதியில் 'கொ' வரிசை இன்று முடிந்தது. கொள், கொள்கை, கொள்முதல், கொள்ளி, கொள்ளை எல்லாம் தயார். நாளை 'கோ'. ஜூன் பத்தாம் தேதி இந்தத் தொகுதி அச்சுக்குப் போக வேண்டும். நான் தொகுதிக்குப் பொறுப்பான பகுப்பாசிரியர் ஆன பிறகு என் பெயர் தாங்கி வரும் முதல் தொகுதி.

வரும்போது புளி வாங்கிவரச் சொல்லியிருந்தாள் என் மனைவி உலகம்மாள். மறந்துவிட்டேன். "ஊருல உள்ள சொல்லெல்லாம் ஞாவகம் இருக்கு, புளிங்கிற சொல்லு மட்டும் தங்க மாட்டேங்கு" என்றாள்.

3 மே, செவ்வாய்

'கோள்' சொல்லின் அட்டைப் பெட்டியைத் திறந்தேன். வானத்துப் பொருள்களுக்குத் தமிழில் உள்ள பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மின்னுவதால் மீன் என்றார்கள். அண்ணாந்து பார்த்தவுடனே வைத்த பெயர் அது. கோள் அப்படியில்லை. நிறைய நாள் பார்த்து, யோசித்து வைத்தது. கொள் என்ற வினை, முதலெழுத்து நீண்டு பெயராகி நிற்கிறது. சுடு, சூடு ஆன மாதிரி. கெடு, கேடு ஆன மாதிரி. ஆகவே கோள் என்றால் கொள்வது.

எதைக் கொள்வது என்பதில்தான் தகராறு. சூரியனிடமிருந்து ஒளியைக் கொள்வதால் கோள் என்பது ஒரு கட்சி. பள்ளிக்கூடத்துக்கு ஏற்ற விளக்கம். மனிதரைப் பிடித்துக்கொள்வதால் கோள் என்பது இன்னொரு கட்சி. ஏழரைச் சனி பிடித்திருக்கிறது என்றுதான் இன்றைக்கும் சொல்கிறோம். பார்த்திருக்கிறது என்றோ தொட்டிருக்கிறது என்றோ யாரும் சொல்வதில்லை. வடமொழியில் கிரகம் என்பதற்கும் பிடிப்பது என்றே பொருள். அவ்வளவு தூரத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிற ஒன்றைப் பார்த்து, இது நம்மைப் பிடிக்கும் என்று எவனுக்கு முதலில் தோன்றியதோ தெரியவில்லை. அவன் என்ன செய்துவிட்டு அண்ணாந்து பார்த்தானோ!

நான் ஒளிக் கட்சி. அப்படியே எழுதினேன்.

பெட்டியில் வேண்டாத அட்டை ஒன்று கிடந்தது. கிழித்துக் கூடையில் போட்டேன்.

5 மே, வியாழன்

'கோள்' என்பதற்கு ஐந்து பொருள் தந்திருக்கிறேன்: கொள்ளுகை, விண்ணில் இயங்கும் கிரகம், கருத்து, வலிமை, இடையூறு. இயக்குநர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"கோள் சொல்லுறது, கோள் மூட்டுறதுன்னு ஊரே பேசுதே. அது எங்கய்யா?"

"அது தனிச்சொல்லா இருக்கலாம் ஐயா. வேர் வேற மாதிரி தெரியுது. பிற்சேர்க்கையில பாத்துக்கலாம்."

"ஒரு காதுல கொண்டு இன்னொரு காதுல கொடுக்கிறதுதான வே கோளு? அதே வேர்தான். ஆறாவது பொருளாப் போடும்."

போடலாம், அவசரம் இல்லை. இந்த மனிதர் பதினைந்து வருடமாக ஒரு சொல்லுக்கும் இப்படி மல்லுக்கு நின்றதில்லை. வேண்டுமென்றே செய்கிறார் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு அவருக்குப் பசி என்று நினைத்துக்கொண்டேன்.

9 மே, திங்கள்

ஹெப்சிபாவிடமிருந்து கடிதம். ஞானதிரவியத்தின் மகள். நாசரேத்தில் பள்ளி ஆசிரியை.

ஞானதிரவியம் என்னோடு பதினோரு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தவர். ஊர் ஊராகப் போய்ப் பேச்சுவழக்குச் சொற்களைச் சேகரித்துவருவது அவர் வேலை. எங்கே போனாலும் சட்டைப் பையில் வெற்று அட்டை இருக்கும். சந்தையில் கத்தரிக்காய் பேரம் பேசும்போதே எதிராளி சொன்ன சொல்லை எழுதிக்கொள்வார். சொற்களைத் தானே இட்டுக்கட்டி எழுதுகிறார் என்று போன ஆகஸ்டில் அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். தை மாதம் மார்வலியில் இறந்துபோனார். எனக்கு அன்று காய்ச்சல். போக முடியவில்லை.

மகள் எழுதியிருப்பது இது: "அப்பாவைப் பொய்யர் என்று சொல்லி அனுப்பினீர்கள். அவர் கடைசியாகக் கொண்டுவந்த 'மேற்கோள்' என்ற சொல்லைத்தான் பொய் என்றீர்களாம். அது பொய்யில்லை. முள்ளந்துறைக் கடற்கரைக்கு யாரையாவது அனுப்பிக் கேளுங்கள். சொல் உண்மை என்றால் அதைத் தொகுதியில் சேர்த்து, முன்னுரையில் அப்பா பெயரையும் போடுங்கள். அம்மா ஆலயத்துக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். எங்களுக்கு வேறொன்றும் வேண்டாம்."

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாள். அலுவலகத்தைச் சொல்கிறாள். என்னை இல்லை.

12 மே, வியாழன்

அடுக்களையில் உலகம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "திரவியம் சார் மக என்ன எழுதியிருக்கா?"

சொன்னேன்.

"பாவம். அந்த மனுசன் பொய் சொல்லுத ஆளா? யாரு இப்படிப் போட்டுக் குடுத்தது?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. மேலிடத்து முடிவு."

கீரையை ஒரு காம்பு விடாமல் ஆய்ந்து முடித்தாள்.

16 மே, திங்கள்

இதை எழுதி வைக்காவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

காலையில் 'கோள்' பெட்டியில் இரண்டு அட்டைகள் இருந்தன. முதலாவது, நான் மூன்றாம் தேதி கிழித்துப் போட்டது. கிழிசல் இல்லை, ஒட்டும் இல்லை, முழு அட்டை. ஞானதிரவியத்தின் எழுத்து, ஒவ்வொரு வரியும் வலப்பக்கம் லேசாக மேலே ஏறும். இப்போதாவது அதில் இருப்பதை எழுதுகிறேன்:

கோள்: புறங்கூற்று.
எடுத்துக்காட்டு: "அவர் சொற்களை இட்டுக்கட்டுகிறார் ஐயா."
கேட்ட இடம்: இயக்குநர் அறை.
கேட்ட நாள்: 19.8.87.

இரண்டாவது அட்டையிலும் அதே தலைச்சொல், அதே பொருள், அதே எழுத்து.

எடுத்துக்காட்டு: "எனக்கு ஒண்ணும் தெரியாது. மேலிடத்து முடிவு."
கேட்ட இடம்: அடுக்களை.
கேட்ட நாள்: 12.5.88.

அவர் செத்து நான்கு மாதம் ஆகிறது.

அன்று அடுக்களையில் நானும் உலகம்மாளும் மட்டும்தான் இருந்தோம். அவள் அலுவலகப் பக்கம் வந்ததே இல்லை. அட்டைகளை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டேன். சிரிப்பு வருகிறது. பயமாகவும் இருக்கிறது.

18 மே, புதன்

வயிற்றுப்போக்கு. விடுப்பு. மதியம் பாயில் படுத்துத் தூங்கி எழுந்தால், உலகம்மாள் எதிரே உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"தூக்கத்துல தரையில என்ன எழுதுதிய? வெரலு நிக்கவே இல்ல."

"அலுவலகத்து வேலை. கைப்பழக்கம்."

"அலுவலகத்து வேலைய எப்பமும் இடமிருந்து வலமா நேராத்தான எழுதுவிய. இது மேல மேல ஏறுது."

மோர் கேட்டேன். கொண்டுவந்து கொடுத்தாள்.

20 மே, வெள்ளி

என் மேசைக்கு எதிரே மேற்குச் சன்னல். ஆறரை மணிக்கு எல்லோரும் போன பிறகு அட்டைகளைக் கட்டி வைப்பது என் வழக்கம். அந்த நேரத்துக்கு வெள்ளி தெரிகிறது. இந்த வருடம் கண்ணைக் குத்துகிற வெளிச்சம். ஆலயக் கோபுரத்துச் சிலுவைக்கு இடப்பக்கம் நிற்கிறது. நான் நாற்காலியை மாற்றிப் போட்டேன். அப்போதும் நேர் எதிரேதான் நிற்கிறது. அது வானத்தில் இருப்பது, நான் எங்கே உட்கார்ந்தாலும் நேரேதான் தெரியும் என்று எனக்குத் தெரியாதா என்ன! தெரிந்தும் நாற்காலியை மூன்று முறை மாற்றினேன்.

'கோள்' பெயர்க்காரணத்தைத் திருத்தி எழுதினேன். இரண்டு கட்சியையும் தந்துவிட்டேன். ஒளியை முதலில் போட்டேன்.

24 மே, செவ்வாய்

இன்னும் இரண்டு அட்டைகள். ஒன்று, பத்தொன்பதாம் தேதி இயக்குநரிடம் நான் சொன்னது: "அந்தப் பொண்ணு கடிதத்துக்குப் பதில் போட்டாச்சு ஐயா." பதில் போடவில்லை. மற்றது அதைவிட மோசம், தை மாதக் காய்ச்சலைப் பற்றியது, அதை எழுத மாட்டேன்.

ஆகஸ்டில் நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப்போவதில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. எழுத்தில் இல்லாத பேச்சுவழக்குச் சொல் ஒன்றை அகராதியில் ஏற்ற வேண்டுமென்றால் இருவர் வெவ்வேறு நாளில் போய்த் தம் காதால் கேட்டிருக்க வேண்டும். ஞானதிரவியம் முள்ளந்துறைக் கடற்கரையிலிருந்து 'மேற்கோள்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். நூலிலிருந்து எடுத்துக்காட்டும் மேற்கோள் இல்லை. மாலையில் மேற்கே தெரிகிற வெள்ளிக்கு அங்கே அதுதான் பெயராம். மேற்கே நிற்கிற கோள், மேற்கோள். குழந்தை மாதிரி துள்ளினார். "சார், மேற்கோளுக்கே ஒரு மேற்கோள் கொண்டாந்திருக்கேன்" என்று எல்லோரிடமும் சொன்னார். இரண்டாவது காதாக என்னைத்தான் கூப்பிட்டார். வருகிறேன் என்றேன். ஒரு வாரம் கல்யாணம் என்றேன். ஒரு வாரம் மழை என்றேன். இப்படி நான்கு மாதம்.

அந்த நேரத்தில்தான் பகுப்பாசிரியர் இடம் காலியானது. அவருக்கா எனக்கா என்றிருந்தது. இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, அந்த மேற்கோள் விஷயம் என்னய்யா, சிரிப்பாக இருக்கிறதே என்றார். நான் சொன்னது ஒரே வாக்கியம். அந்த ஒரு வாக்கியம்தான். நான் நம்பித்தான் சொன்னேன்.

இல்லை. நம்பவில்லை. அவர் இட்டுக்கட்டமாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

29 மே, ஞாயிறு

முள்ளந்துறை போய்வந்தேன். உலகம்மாளிடம் திசையன்விளையில் ஒரு துக்கம் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

போகும்போது என் மனத்தில் இருந்ததை மறைக்க மாட்டேன். அந்தச் சொல் அங்கே இல்லாமல் போக வேண்டும் என்று இசக்கியம்மனை வேண்டிக்கொண்டேன். இல்லையென்றால் நான் சொன்னது உண்மையாகிவிடும். பத்து மாதம் கழித்தாவது ஆகட்டுமே.

பஸ் போய்ச் சேரும்போது மணி ஐந்தரை. ஐம்பது வீடு இருக்கும். கரையில் கருவாடு அள்ளிக்கொண்டிருந்த அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தேன். பெயர் மரியபுஷ்பம், அறுபது வயது இருக்கலாம். சொல்லை நாம் சொல்லக் கூடாது, அவர்கள் வாயிலிருந்து வர வேண்டும், அதுவும் விதி. காத்திருந்தேன். பனங்காட்டுக்கு மேலே சிவப்பு வடிந்து வெள்ளி தெரிந்தது. விரலை நீட்டி, "அது என்னம்மா?" என்றேன்.

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மேக்கோளு."

"வெள்ளின்னு சொல்லுவாங்களே?"

"அது ஒங்க ஊருல. நாங்க மேக்கோளுன்னுதான் சொல்லுவோம். கடல்ல நிக்கயில அது நிக்க பக்கம்தான் கரை. அதப் பாத்துத்தான் எங்க ஆளுவ வீடு வந்து சேருதாவ." ஓலைப்பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார். "போன வருசம் ஒரு சாரு வந்து இதையேதான் கேட்டாரு. ஒல்லியா, கண்ணாடி போட்டு. எம்பேர எழுதிக்கிட்டாரு. எஞ்சேக்காளி ஒருத்தரு இருக்காரு, அவரும் கேட்டாத்தான் பொஸ்தகத்துல ஏறும், கூட்டிட்டு வாரேன்னாரு. அது நீங்கதானா?"

"ஆமா."

"இத்தன நாளாச்சே வாரதுக்கு! அவரு வரலியா? சொகமா இருக்காரா?"

"நல்லா இருக்கார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். நண்பன், சேக்காளி என்றாராம் என்னை.

30 மே, திங்கள்

எட்டரை மணிக்குப் பெட்டியைத் திறந்தேன். இரண்டு அட்டைகள்.

"நல்லா இருக்கார்." கேட்ட இடம்: முள்ளந்துறைக் கரை. கேட்ட நாள்: 29.5.88.

"கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம்." கேட்ட இடம்: பேருந்து. கேட்ட நாள்: 29.5.88.

பேருந்தில் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

31 மே, செவ்வாய்

ஆட்காட்டி விரலில் மைக்கறை. சோப்பு, புளி, மண்ணெண்ணெய் மூன்றுக்கும் போகவில்லை. நான் பேனா தொட்டு ஒரு வாரம் ஆகிறது. எல்லாம் பென்சில் வேலை.

வெற்று அட்டைக் கட்டு ஒன்று குறைகிறது என்று காவலாளி சொல்கிறார்.

1 ஜூன், புதன்

ஹெப்சிபாவுக்குப் பதில் எழுதினேன். முள்ளந்துறைக்கு நானே போனேன், என் காதால் கேட்டேன், உங்கள் தகப்பனார் சொன்னது உண்மை, தொகுதியில் சேர்க்கிறேன், வந்து பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் உண்மை. ஒரு வரிகூடப் பொய்யில்லை. தபால் பெட்டியில் போட்டுவிட்டு வரும்போது நெஞ்சு லேசாக இருந்தது. இதோடு விட்டுவிடும் என்று நினைக்கிறேன்.

2 ஜூன், வியாழன்

விடவில்லை. ஏழாவது அட்டை. "எல்லாம் உண்மை. ஒரு வரிகூடப் பொய்யில்லை." கேட்ட இடம்: நாட்குறிப்பு.

7 ஜூன், செவ்வாய்

மூன்று நாளாக மேற்கே வெள்ளி இல்லை. சூரியனுக்குள் போய்விட்டது, பத்துப் பன்னிரண்டு நாளில் விடியற்காலையில் கிழக்கே வரும். இதெல்லாம் தெரிந்த விஷயம்தான். காலியாகக் கிடக்கிற இடத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை. இருந்தவரை அது எங்கே இருக்கிறது என்றாவது தெரிந்தது.

8 ஜூன், புதன்

ஹெப்சிபா வந்தாள். அப்பாவின் அதே ஒல்லி உடம்பு, அதே நடை. கையில் குடை. என் மேசைக்கு எதிரே ஞானதிரவியத்தின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அது யாருடையது என்று நான் சொல்லவில்லை.

மெய்ப்புத் தாளைக் காட்டினேன். 'கோள்' சொல்லின் கீழே, அதில் முடியும் கூட்டுச்சொல்லாக, மேற்கோள்: மாலையில் மேற்கே தோன்றும் வெள்ளி. கடற்கரை வழக்கு. சொன்னவர் மரியபுஷ்பம். முதலில் கேட்டவர் ஞா. ஞானதிரவியம். முன்னுரையில் பகுப்பாசிரியர் பெயருக்கு மேலே அவர் பெயர். இயக்குநர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். மெய்ப்பை அவள் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒங்களுக்கு எப்படி நன்றி சொல்லன்னு தெரியல சார். அப்பா கடைசி வரைக்கும் ஒங்களத்தான் சொல்லிட்டிருந்தாங்க. அன்னைக்கு டைரக்டர் ரூம் வெளிய பெஞ்சில உக்காந்திருந்தாங்களாம். கதவு சாத்தியிருந்துச்சாம். ஒண்ணும் கேக்கலியாம். 'உள்ள அவரு எனக்காகத்தான் மல்லுக்கட்டிட்டு இருந்திருப்பாரு, அவரால முடியல, பாவம்'னு சொல்லுவாங்க. காய்ச்சல் இல்லாட்டா அடக்கத்துக்கும் வந்திருப்பீங்கன்னு அம்மா சொன்னாங்க."

அந்த நிமிடத்தில் எல்லாம் முடிந்திருக்கலாம். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. எனக்கும் நல்ல பெயர். நான் தலையை ஆட்டி, அது என் கடமை அம்மா என்று சொன்னால் போதும். சொல்ல வாயையும் திறந்தேன். உடனே அது ஒரு அட்டையாகத் தெரிந்தது எனக்கு, இடத்தோடும் நாளோடும்.

கதவு சாத்தியிருந்தது. அவர் கேட்கவில்லை. கேட்டது இயக்குநர், சொன்னது நான். வேறு யாருமில்லை.

இழுப்பறையைத் திறந்து ஏழு அட்டைகளையும் அவள் முன்னால் வைத்தேன். நிதானமாக ஒவ்வொன்றாகப் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசி அட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"எழுத்து அப்பா எழுத்து மாதிரியே இருக்கு. ஆனா அப்பா எழுதல."

"எப்படித் தெரியும்?"

"சொன்னவங்க பேரு இல்ல. பேரு எழுதாம அப்பா ஒரு கார்டும் போட்டதில்ல. பேரக் கேக்காம வாங்கின சொல்லு திருடின சொல்லும்பாங்க. இத எழுதினவருக்குப் பேரு எழுத மனசு வரல."

என் விரலைப் பார்த்தாள். நான் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். பிறகு வெளியே எடுத்து மேலேயே வைத்தேன்.

அவள் அழுவாள், கத்துவாள், குடையால் அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவள் என் மேசையிலிருந்த வெற்று அட்டை ஒன்றைத் தன் பக்கம் இழுத்தாள். பைக்குள் தேடிப் பென்சில் எடுத்தாள். தலைச்சொல்லை எழுதினாள். பொருளை எழுதினாள்.

"சொன்னத அப்படியே சொல்லுங்க சார். திருத்தாம."

சொன்னேன். பத்து மாதத்தில் அந்த வாக்கியத்தை இரண்டாவது முறையாக வாய்விட்டுச் சொன்னேன். எழுதினாள்.

"எங்க வச்சு?"

சொன்னேன்.

"தேதி?"

சொன்னேன்.

"சொன்னவர் பேரு?"

அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் பென்சிலைப் பிடித்தபடி காத்திருந்தாள். அடுத்த அறையில் தட்டச்சு ஓசை நின்றிருந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை.

"குற்றாலிங்கம்" என்றேன்.

எழுத்துக் கூட்டி எழுதினாள். ஒரு முறை படித்துச் சரிபார்த்தாள். அட்டையை என்னிடம் தந்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

மாலையில் 'கோள்' என்பதற்கு ஆறாம் பொருளாகப் புறங்கூற்று என்று சேர்த்து, அந்த அட்டையை அதற்குச் சான்றாகக் கீழே வைத்து, இயக்குநர் மேசைக்கு அனுப்பினேன். நாளை மறுநாள் அச்சுக்குப் போகிறது.